பச்சை மண்ணில் சொல்ல வேண்டிய சொல்

எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறை ஒன்றில் பொம்மைக்குக் கண் எழுதும் அக்கா ஒருவரைப் பல வருடங்களாக எனக்குத் தெரியும். காலையில் காலனியிலிருந்து தூக்குவாளியோடு கிளம்புவார். சூளையிலிருந்து வந்த பிள்ளையாரும் கிருஷ்ணனும் வெள்ளை வெளேரென்று அவர் முன்னால் வரிசையாக நிற்கும். பொழுது சாய்வதற்குள் அத்தனைக்கும் பார்வை வந்துவிடும். அவர் எழுதிய கண்கள் நவராத்திரிக்கு எத்தனையோ ஊர்களில் கொலுப்படி ஏறுகின்றன. கொலு பார்க்க வாருங்கள் என்று அவரை அழைத்த வீடு இதுவரை ஒன்றுகூட இல்லை. பொம்மையின் அடியில் அவர் பெயரும் இல்லை. எண்ணிக்கைக்குக் கூலி, அவ்வளவுதான்.

அவருடைய மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகப் படம் வரைவாள். சில மாதங்களுக்கு முன்பு தன் அம்மா பட்டறையில் உட்கார்ந்து கண் எழுதுவதையே பென்சிலில் வரைந்தாள். கைப்பேசியில் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். இதயக் குறிகள் குவிந்தன. ‘சூப்பர்’, ‘செம’, ‘வேற லெவல்’ என்று வரிசையாக வந்தது. அவற்றுக்கு நடுவே யாரோ ஒருவன், முகம் காட்டாத கணக்கிலிருந்து, காலனிப் பெயரைச் சொல்லி சாதி வசை ஒன்றை எழுதியிருந்தான். அன்று இரவே படத்தை அழித்துவிட்டாள். கணக்கையும் மூடிவிட்டாள்.

விஷயம் தெரிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். “அதை விடும்மா, படத்தைக் காட்டு” என்றேன். நோட்டை எடுத்துக் கொடுத்தாள். நானும் பார்த்தேன். “ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றேன். தமிழில் முதுகலை படித்தவன், மேடை மேடையாகக் கலை இலக்கியம் பேசுகிறவன், எனக்கு அதற்குமேல் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். “ஏ புள்ள, கைய இப்படியா வெப்பாங்க? சுண்டுவெரலு எங்கடி? பொம்ம கன்னத்துல சுண்டுவெரல ஊணிக்கணும். இல்லன்னா பிரஷ் ஆடும், கண்ணு கோணிக்கும். அப்புறம், திருப்புறது பொம்மய. பிரஷ்ஷ இல்ல.”

மகளின் முகம் அப்போதுதான் மாறியது. “இன்னொரு தடவ செஞ்சு காட்டும்மா” என்றாள்.

இருநூறு இதயக் குறிகள் தராத ஒன்றை, ஒரு வசை பறித்துப் போன ஒன்றை, அந்த அம்மாவின் நாலு வரி திருப்பிக் கொடுத்தது. அவர் பாராட்டவில்லை, குறைதான் சொன்னார். ஆனால் படத்தைப் பார்த்துச் சொன்னார். இந்த வாரம் இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்

பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சியதும் பொம்மை கெட்டியாகிறது. அச்சைப் பிரித்து எடுத்தால் ஓரத்தில் பிசிறு இருக்கும், காது ஒட்டிய இடத்தில் விரிசல் இருக்கும். அப்போதே ஈரத்துணியால் துடைத்து, கத்தியால் சீவி, மண் வைத்து அடைத்துவிடலாம். சரியே வராது என்றால் உடைத்துத் தொட்டியில் போட்டால் மறுபடி மண். ஒன்றும் நட்டமில்லை.

சூளைக்குள் போய் வந்த பிறகு கதை வேறு. சுட்ட மண்ணில் விரிசலை அடைக்க முடியாது. விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல பாத்திரம் கணீரென்று பேசும், விரிசல் விட்டது சத்தில்லாமல் ஒலிக்கும். அதை ஒதுக்கத்தான் முடியும். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

நம் பிள்ளைகள் வரையும் படத்துக்கும் எழுதும் கவிதைக்கும் இதே கணக்குதான். பச்சை மண்ணாக இருக்கும்போது பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்த ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை. போட்டியில் பரிசு கிடைக்கிறது, அல்லது கிடைப்பதில்லை. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. கைப்பேசியில் போட்டால் ‘சூப்பர்’ வருகிறது, அல்லது வசை வருகிறது. இரண்டிலும் படத்தைப் பார்த்தவர் இல்லை. ‘சூப்பர்’ சொன்னவர் விரலை ஓட்டிக்கொண்டே போய்விட்டார். வசை எழுதியவன் பார்த்தது படத்தை அல்ல, பிறப்பை.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஓவிய வகுப்பு இருக்கிறது, சித்தப்பா வழியில் தெரிந்த ஓவியர் இருக்கிறார், கண்காட்சிக்கு அழைத்துப் போக ஆள் இருக்கிறது. தப்பைத் தப்பென்று அன்போடு சொல்லும் ஒருவர் கிடைப்பதும் ஒரு சொத்துதான். அந்தச் சொத்தும் நம் பக்கம் வந்து சேரவில்லை.

7,635 திருத்தங்கள்

விமர்சனம் என்றதும் நம்மில் பலர் சுருங்கிப் போகிறோம். காரணம் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து அலுவலகம் வரை, குறை சொல்வது என்ற பெயரில் நம்மைச் சிறுமைப்படுத்தியதைத்தான் அதிகம் கண்டிருக்கிறோம். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். அதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே பாடம் இருக்கிறது.

அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக அவர் இருந்தபோது, வரைவை 1948 பிப்ரவரியில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். எட்டு மாதம் அது பொதுவெளியில் இருந்தது. படித்தவர்கள் கருத்து எழுதி அனுப்பினார்கள். 1948 நவம்பர் 4 அன்று அவர் அதை அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்தார். பிறகு வந்து குவிந்த திருத்தங்கள் 7,635. சபையில் முறைப்படி முன்மொழிந்து பேசப்பட்டவை 2,473. ஒவ்வொரு சொல்லுக்கும் கேள்வி வந்தது. சிலவற்றை ஏற்றார், சிலவற்றைக் காரணம் சொல்லி மறுத்தார். இந்த எண்ணிக்கையை 1949 நவம்பர் 25 அன்று சபையில் அவரே எடுத்துச் சொன்னார். இவ்வளவு காலம் எடுத்ததேன் என்ற குற்றச்சாட்டுக்கு, மற்ற நாடுகள் எடுத்துக்கொண்ட காலத்தை ஒப்பிட்டுப் பதிலும் சொன்னார்.

அதே 1949-இல், ஆகஸ்ட் மாதம், புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் சங்கர் ஒரு படம் வரைந்தார். அரசியல் சட்டம் என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். அறுபது ஆண்டுகள் கழித்து அந்தப் படம் 11-ஆம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருப்பது பெரிய விவாதமானது. 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். படம் நீக்கப்பட்டது. கருத்துரிமை என்று ஒரு பக்கமும், ஓங்கிய சாட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள் என்று மறுபக்கமும் பேசினார்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களைத் தேடித் தொகுத்து, உன்னமதி சியாம சுந்தர் 2019-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். அவரும் கேலிச்சித்திரம் வரைகிறவர்தான். படத்துக்குப் பதில் படத்தாலும் வரலாற்றாலும் சொல்ல முடியும் என்று காட்டியவர்.

திருத்தம் கொண்டுவந்தவர் வரைவைப் படித்துவிட்டு வந்தார். சாட்டையை வரைந்தவருக்கு அது தேவைப்படவில்லை. எந்தக் குறையைக் காதில் வாங்குவது, எதைத் தள்ளுவது என்று பிள்ளைகள் கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்லலாம். உன் படத்தைப் பார்த்தவர் சொன்னாரா, பார்க்காதவர் சொன்னாரா?

நம் ஊரிலேயே நடந்தது

வெளியாரின் சாட்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்குள்ளேயே குறை சொன்னால் தாங்குவோமா? இந்தக் கேள்வியையும் விருத்தாசலம் சந்தித்திருக்கிறது. எழுத்தாளர் இமையம் நம் ஊர்க்காரர், அரசுப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். அவருடைய முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் வந்தது. காலனி மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒடுக்குமுறை இருக்கிறது என்று அது காட்டியது. தலித் விமர்சகர்களிடமிருந்தே கடுமையான எதிர்வினை வந்தது. நம் வீட்டுக் குறையை ஊருக்குக் காட்டலாமா என்பது ஒரு தரப்பு. உள்ளே இருக்கும் படிநிலையைப் பேசாமல் விடுதலை ஏது என்பது மறுதரப்பு.

அந்த விவாதத்தில் எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்வதல்ல இங்கே நோக்கம். இரண்டு தரப்பும் நாவலை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் பேசின. எழுதியவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. எதிர்த்துப் பேசியவர்களும் படிப்பதை நிறுத்தவில்லை. தலித் இலக்கியம் எதை எழுத வேண்டும் என்ற கேள்வியே அந்தச் சண்டையால் கூர்மையானது. ‘செல்லாத பணம்’ நாவலுக்காக இமையத்துக்கு 2020-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. நம் தெருவில் கிடைத்த எதிர்ப்பைத் தாண்டித்தான் டெல்லி விருது வந்தது.

எழுத்துக்கு இப்படி ஒரு களம் நமக்கு உருவாகியிருக்கிறது. சிற்றிதழ் இருக்கிறது, புத்தக வெளியீட்டுக் கூட்டம் இருக்கிறது. படம் வரையும் கைகளுக்கு அது இன்னும் வரவில்லை. பிற இடங்களில் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

ஆயாவின் கையில் இருந்த படம்

பீகாரின் மிதிலைப் பகுதியில் பெண்கள் சுவரில் வரையும் ஓவியம் உலகப் புகழ் பெற்றது. மதுபானி ஓவியம் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1960-களின் வறட்சிக் காலத்தில் வருமானத்துக்காக அதைத் தாளில் வரையச் சொல்லி அரசு ஊக்குவித்தது. முதலில் வரைந்தவர்கள் பெரும்பாலும் பிராமண, காயஸ்தப் பெண்கள். ராமன், கிருஷ்ணன், கல்யாணக் கோலங்கள்.

அதே கிராமங்களில் துசாத் என்ற தலித் சமூகத்துப் பெண்களும் இருந்தார்கள். எரிகா மோசர் என்ற ஜெர்மானிய மானிடவியலாளர் 1970-களில் அவர்களையும் வரையத் தூண்டினார். எதை வரைவது? மேல்சாதி வீட்டுச் சுவரில் இருந்ததை அப்படியே பார்த்து வரைந்தால் அது நகல். அவர்களிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. உடம்பில் குத்தியிருந்த பச்சை. சானோ தேவி போன்றவர்கள் அந்தப் பச்சைக் கோலங்களையே வரிவரியாகத் தாளில் இறக்கினார்கள். பச்சைக்கு அங்கே கோத்னா என்று பெயர். அதுவே ஒரு தனி ஓவிய வகையானது. தங்கள் நாயகன் ராஜா சல்ஹேஸின் கதையையும் வரைந்தார்கள். ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததை இன்னொருவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்து, தன் கைக்கு மாற்றி வரைந்தார். பிறகு அந்த மண்ணின் மேல்சாதி ஓவியர்களே கோத்னா முறையை எடுத்து வரையும் நிலை வந்தது.

நம் ஆயாக்களின் முழங்கையைப் பாருங்கள். தேள், கோலம், புருஷன் பெயரின் முதல் எழுத்து எல்லாம் பச்சையாக இருக்கும். நம் பிள்ளைகள் ஜப்பானிய கார்ட்டூன் முகத்தைப் பார்த்து வரைகிறார்கள். வரையட்டும், கை பழகும். ஆனால் “உங்க ஆயா கையில இருக்கறத ஒரு நாள் வரைஞ்சு பாரேன்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். நல்ல விமர்சனம் பல நேரம் இப்படி ஒரு கேள்வியாகத்தான் இருக்கும்.

பெட்டிக்குள் அடங்காதவர்கள்

குறை சொல்கிறவர் சொல்வதெல்லாம் வேதமா? இல்லை. வரைந்தவருக்கும் மறுக்க உரிமை உண்டு. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பீமாயணம்’ என்ற சித்திர நூல் 2011-இல் வந்தது. வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதி. சித்திரக் கதை என்றால் பக்கத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வரைவதுதான் வழக்கம். அவர்கள் அதற்கு இசையவில்லை. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும், திறந்த வெளியில் விடுவோம் என்பது அவர்கள் நிலை. பெட்டிக் கோட்டுக்குப் பதிலாகத் தங்கள் வீட்டுச் சுவரில் போடும் டிக்னா கோலத்தையே பக்கத்தைப் பிரிக்கும் கோடாக ஓடவிட்டார்கள்.

பேச்சு எழுதும் குமிழியையும் மாற்றினார்கள். அன்பாகப் பேசுகிறவரின் சொல் பறவை வடிவத்தில் வரும். சாதி வெறியோடு பேசுகிறவரின் சொல்லுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். எழுத்துத் தெரியாத குழந்தைகூட யார் பேச்சில் விஷம் என்று சொல்லிவிடும். பதிப்பித்தவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஓவியர் விட்டுக்கொடுத்திருந்தால் நமக்கு இன்னொரு சாதாரண சித்திரக் கதைதான் கிடைத்திருக்கும். கருத்துச் சொல்வது என்பது ஒருவர் பேச ஒருவர் கேட்பதல்ல. இருவரும் கற்றுக்கொள்வது.

பக்கத்தில் இருந்து பார்ப்பவர்கள்

தமிழ்நாட்டில் ஓவியர்கள் ஒன்றாகக் கூடிய கதை ஒன்று எல்லோரும் அறிந்தது. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1966-இல் அவரும் அவர் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். அதற்கான பணத்தில் பெரும்பகுதி ஓவியம் விற்று வரவில்லை. துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாடிக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வந்தது. கைவினையில் வயிற்றைக் கழுவி, ஓவியத்தைத் தங்கள் விருப்பப்படி செய்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருவர் வரைவதை இன்னொருவர் தினமும் பார்க்கலாம்.

பீங்கான் வேலை செய்து சாப்பிடும் நம் ஊருக்கு இந்தக் கதை அந்நியமே இல்லை. கைத்தொழில் நம்மிடம் இருக்கிறது. கூடிப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

இன்று பக்கத்து வீடு என்பது கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. ‘பேக்கரி பிரசாத்’ என்ற பெயரில் அறியப்படும் சித்தேஷ் கௌதம், ஒடிசாவிலிருந்து ‘ஆர்ட்டெட்கர்’ என்ற பெயரில் வரையும் ராகி புண்யஸ்லோகா, தமிழ்நாட்டு வேர் கொண்ட ஓஷீன் சிவா, மதுபானி முறையில் புத்தரையும் அம்பேத்கரையும் வரையும் மாளவிகா ராஜ் என்று ஒரு தலைமுறையே இணையத்தில் படம் பகிர்கிறது. கண்காட்சி அரங்கின் கதவைத் தட்டிக் காத்திருக்காமல் நேராக மக்களிடம் வந்தவர்கள் இவர்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் மாதம் நடத்தும் வானம் கலைத் திருவிழா இப்படிப்பட்ட கைகளை நேரில் சந்திக்க வைக்கிறது.

இன்னொரு பெயரையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார். மதுரைப் பக்கம் ஜவகர்லால்புரத்தில், மீன் விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்தவர். மலக்குழி மரணங்களைப் படம் பிடித்துக் காட்டியவர். 2017-இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதை 2022-இல் பெற்றார். தான் படம் எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் தங்கள் அப்பா அம்மாவின் வேலையைத் தாங்களே படம் எடுத்தார்கள். வெளியிலிருந்து வந்து எடுப்பவருக்குத் தெரியாத கோணம் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்.

அம்மா சுண்டுவிரலைக் கவனித்தாரே, அதே கதைதான் இதுவும். வேலை செய்கிறவருக்குத்தான் வேலையின் உண்மை தெரியும். நம் தெருவில் கண் எழுதுகிறவர், பறை அடிக்கிறவர், கூடை முடைகிறவர், சுவரில் எழுதுகிறவர் அத்தனை பேரும் விமர்சகர்கள். அவர்களை அப்படி அழைக்க நமக்குத்தான் தோன்றவில்லை.

ஞாயிறு மாலை, ஒரு மணி நேரம்

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். வாசகர்கள் கேள்வி எழுதி அனுப்புவார்கள், பண்டிதர் இதழில் பதில் எழுதுவார். நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கவும் சொல்லவும் ஒரு களத்தை அமைத்தவர்கள் நாம். ஆகவே இது புதிய வேலை இல்லை.

காலனியில் அம்பேத்கர் படிப்பகம் இருந்தால் அங்கே. இல்லையென்றால் ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு மர நிழல். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் போதும். வரைகிற பிள்ளைகள் படத்தைக் கொண்டுவரட்டும். முடித்த படத்தைவிட, பாதியில் நிற்கும் படத்தைக் கொண்டுவருவது நல்லது. பச்சை மண்ணில்தான் சீவ முடியும். எங்கள் பக்கம் இப்படி உட்கார்ந்து பார்த்ததில் சில விஷயங்கள் பயன்பட்டன.

முதலில் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் படத்தைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு, ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்ல’ என்ற இரண்டையும் சொல்லக் கூடாது. கண் முதலில் எங்கே போகிறது, எது புரியவில்லை என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் அப்படியே விட வேண்டிய ஒன்றையும் மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும் ஒன்றையும் சொன்னால் போதும். அடுக்கடுக்காகப் பத்துக் குறை சொன்னால் எந்தப் பிள்ளையும் மறுவாரம் வராது.

வரைந்தவர் கடைசியில் பேசட்டும். நடுவில் பதில் சொல்ல ஆரம்பித்தால் கேட்பது நின்றுபோகும். எதை ஏற்பது, எதை விடுவது என்பது அவர் முடிவு. வரைந்தவரின் வீட்டைப் பற்றி, அப்பாவைப் பற்றி, நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. பெண்பிள்ளைகள் வரைந்தால் இது இரண்டு மடங்கு கவனமாகக் காக்கப்பட வேண்டும். தெருவில் வேலை தெரிந்த பெரியவர் ஒருவரையாவது உட்கார வையுங்கள். முதல் நாள் “எனக்கென்ன தெரியும் தம்பி” என்பார்கள். இரண்டாம் நாள் அவர்களைப் பேச்சை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதையே கைப்பேசிக் குழுவிலும் செய்யலாம். தெரிந்த பத்துப் பேர் போதும். படத்தை வெயில் வெளிச்சத்தில் நேராகப் பிடித்து எடுங்கள். ஓரத்தில் பெயரை எழுதுங்கள். அடுத்தவர் படத்தைப் பகிரும்போது வரைந்தவர் பெயரைச் சேர்த்துப் பகிருங்கள். பெயரில்லாமல் பொம்மை போனது நம் அம்மாக்களோடு போகட்டும்.

வரைவதையே படிப்பாக எடுக்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கலைக் கல்லூரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சேரலாம்.  இன்றிலிருந்தே தேதி போட்டு எல்லாப் படத்தையும் சேர்த்து வையுங்கள், கோணலாக வந்ததையும் சேர்த்து.

வசை வந்தால்

வெளியே காட்டினால் வசையும் வரும் என்பதை மறைப்பதற்கில்லை. அதற்காகப் படத்தை அழிக்காதீர்கள். முதலில் அந்த வசையைத் தேதியும் கணக்குப் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அந்த ஆளைத் தடை செய்யுங்கள். பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதும், சாதிப் பெயர் சொல்லி வைவதும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) அதைச் சொல்கின்றன. நேரில் சொன்னால்தான் குற்றம், இணையத்தில் சொன்னால் இல்லை என்ற வாதத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு வழக்கில் ஏற்கவில்லை. இணையத்தில் கிடப்பதை யார் எப்போது பார்த்தாலும் அது பொதுப் பார்வைதான் என்றது. வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. இந்த எண்ணைப் படிப்பகச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். எழுதும் பொறுப்பை நன்றாக வரையும் பிள்ளையிடம் கொடுங்கள்.

அந்த 11-ஆம் வகுப்புப் பிள்ளை படத்தை மறுபடி வரைந்திருக்கிறாள். சுண்டுவிரல் இப்போது பொம்மையின் கன்னத்தில் ஊன்றியிருக்கிறது. போன ஞாயிறு திண்ணையில் காட்டினாள். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “கை சரியா இருக்குது. ஆனா எம் மூஞ்சி இவ்ளோ கோவமாவா இருக்கும்?” என்று கேட்டார்.

“கண்ணு எழுதும்போது அப்படித்தாம்மா இருக்குது. அதை மாத்த மாட்டேன்” என்றாள் மகள்.

அம்மா மறுத்துப் பேசவில்லை. படத்தை இணையத்தில் மறுபடி போடுவாளா என்று நான் கேட்கவில்லை. அது அவள் முடிவு. அடுத்த ஞாயிறு இன்னொரு படம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் இன்னும் இரண்டு அக்காக்களையும் அம்மா அழைத்து வருகிறாராம்.

உங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையோ வரைந்துகொண்டிருக்கும். இந்த வாரம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு, ‘சூப்பர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.